அந்த ரெண்டு பேரையும் அக்கா தங்கச்சி ஆக்கச் சொல்லாதேங்கோ

யாழ்ப்பாணத்தில சிறுகதைப் போட்டி வைக்கிற, சிற்றிதழ் போடுற, அதுகளுக்கு நடுவரா இருக்கிற எல்லாருக்கும்,

வணக்கம். ஒருத்தரின்ரை பேரையும் போடாமத்தான் எழுதுறன், ஏனெண்டா இது ஒராளோட உள்ள கோபம் இல்லை. உங்களில கன பேர் எனக்கு மூத்தவை, சில பேரிட்டை நான் படிச்சும் இருக்கிறன், அந்த மரியாதை இப்பவும் இருக்கு.

போன வருசம் ஒரு போட்டிக்கு ஒரு விஞ்ஞானக் கதை அனுப்பினனான். 2190ஆம் ஆண்டில நடக்குது. எங்கட குடாநாட்டுக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லுக்கை நிக்கிற தண்ணியை நம்பித்தானே எங்கட கிணறு எல்லாம் கிடக்கு, கதையில அதுக்குள்ள கடல்தண்ணி முழுசா வந்திட்டுது, கிணறெல்லாம் உவர், ஊர்காவற்றுறைக்கு அங்கால கடலில மிதக்கிற ஒரு ஆலையில இருந்துதான் நல்லதண்ணி வருது, குடும்ப அட்டைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு லீற்றர் எண்டு ஒரு மெசின் அளந்து குடுக்கும். மதி, சுகுணா எண்டு ரெண்டு பொம்பிளையள், பன்ரெண்டு வருசமா ஒரு வீட்டில ஒண்டா இருக்கினம். மெசின் ஒவ்வொரு நாளும் விடியக்காலமை சுகுணாவைக் கேக்கும், "மதி உங்களுக்கு என்ன முறை?" எண்டு. தாய், மகள், சகோதரி, மாமி, மச்சாள் எண்டு மெசினுக்குத் தெரிஞ்ச முறை ஒரு பட்டியலா ஓடும், அதில சுகுணாவுக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. ஒராளின்ரை தண்ணியில ரெண்டு பேர் சீவிக்கினம். கதை அவ்வளவுதான்.

முடிவு போனில வந்தது. "பிள்ளை, கதை வடிவா வந்திருக்கு, அந்தத் தண்ணி விசயம் அருமை, ஆனா அந்த ரெண்டு பேரையும் அக்கா தங்கச்சியா மாத்திப்போட்டு அனுப்புங்கோ, முதல் மூண்டுக்கை வரும்." சொன்னவர் நல்ல மனுசன், எனக்கு நல்லது நினைச்சுத்தான் சொன்னவர். நானும் உடன மாட்டன் எண்டு சொல்லேல்லை, ஒரு இரவு முழுக்க இருந்து மாத்திப் பாத்தனான். மூண்டாம் பக்கத்திலயே கதை செத்துப்போச்சு. மெசின் கேக்குது, "என்ன முறை?", சுகுணா "அக்கா" எண்டுறா, மெசின் தண்ணியைத் திறந்து விடுது. பேந்து மிச்சப் பக்கங்களில சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? அவர் கேட்டது சின்ன ஒரு சொல்லு மாத்திறதுதான், ஆனா அந்த ஒரு சொல்லை எடுத்தா கதையின்ரை முதுகெலும்பே வந்திடும், கதை வாசிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு இது விளங்கியிருக்க வேணும். அதுதான் எனக்கு நொந்தது.

உங்களில வேற சில பேர் எனக்குச் சொன்னது, "உதைச் சமூகக் கதையா எழுதலாமே, விஞ்ஞானக் கதைக்கை ஏன் கொண்டு வாறியள்" எண்டு. சமூகக் கதையா வாறதை நானும் வாசிக்கிறன். அதுகளில எங்களைப் போல ஆக்கள் வந்தா கடைசிப் பக்கத்தில கிணத்துக்கை கிடப்பினம், இல்லாட்டி தூக்கில, இல்லாட்டி பிளேன் ஏறிப் போயிருப்பினம். அழுற வரைக்கும்தான் எங்களுக்கு இடம் தாறியள். சோறு காச்சிறதும் சண்டை பிடிக்கிறதும் காலமை தண்ணிக்கு வரிசையில நிக்கிறதுமா ரெண்டு பேர் இருக்கிற மாதிரி ஒரு கதை வேணும் எண்டுதான் நான் 2190க்குப் போனனான், இண்டைக்கு எழுதினா அயலுக்கை என்ன சொல்லுவினம் எண்டதே கதை முழுக்க அடைச்சுக்கொண்டு நிண்டிடும்.

இது நான் புதுசாக் கண்டுபிடிச்ச வேலையும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குயின் 1969இல ஒரு விஞ்ஞான நாவல் எழுதினவா, "த லெஃப்ற் ஹான்ட் ஒஃப் டார்க்னஸ்", எனக்கு அதைக் கனடாவில இருந்து சித்தியின்ரை மகள் கொண்டு வந்து தந்தவ. கெதென் எண்டு ஒரு குளிர்க் கிரகம், அங்க உள்ள ஆக்கள் மாசத்தில கன நாளும் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, சில நாளில மட்டும் ஏதோ ஒண்டா மாறுவினம், ஒரு பிள்ளைக்குத் தாயா இருக்கிற ஆளே இன்னொரு பிள்ளைக்குத் தகப்பனாவும் இருக்கலாம், ராசாவே கர்ப்பமா இருக்கிறார். விஞ்ஞானக் கதையளுக்குக் குடுக்கிற பெரிய விருதுகளான ஹியூகோ, நெபியூலா ரெண்டும் கிடைச்ச நாவல். ஆனா அந்த ஆக்களை அவா ஆம்பிளைச் சொல்லாலதான் எழுதினவா, அதுக்குக் கன பேர் குறை சொன்னவை, அவாவும் அதைத் தள்ளி விடேல்லை, அதே கிரகத்தைப் பற்றி முந்தி எழுதின ஒரு சிறுகதையை 1975இல தொகுப்பில போடேக்கை பொம்பிளைச் சொல்லாகவே மாத்தினவா. பெரிய எழுத்தாளர் தன்ரை எழுத்தைத் தானே திருப்பிப் பாத்திருக்கிறா.

நான் அந்த நாவலில ஒரு பக்கத்தைத் தமிழில கொண்டு வரப் பாத்தனான். எழுத்துத் தமிழில "அவர்" எண்டா ஆருக்கும் பொருந்தும் எண்டு நினைச்சு எழுதி, என்னோட இருக்கிறவவுக்கு வாசிச்சுக் காட்டினன், அவ கேட்டது "ஏன் எல்லாரும் ஆம்பிளையள்?" எண்டு. சரிதான், எங்கட பேச்சில அவர் எண்டா ஆம்பிளை, பொம்பிளை எண்டா அவா. பேந்து யோசிச்சுப் பாத்தா எங்கட ஊர்ப் பேச்சிலயே வழி கிடக்கு. பொடியனோ பெட்டையோ, நாங்கள் "பிள்ளை வந்திட்டுது" எண்டுறம், "ஆள் வெளிக்கிட்டிட்டுது" எண்டுறம், அதைக் கேட்டு ஒருத்தரும் மரியாதை இல்லை எண்டு கோவிக்கிறேல்லை, அதுக்குள்ள ஒரு செல்லம் இருக்கு. கெதென் ஆக்களை "ஆள்" எண்டு போட்டுத் திரும்ப எழுதினன். "ஆள் நெருப்புக்குக் கிட்ட வந்து இருந்துது" எண்டு வாசிக்கேக்கை அவ ஒண்டும் கேக்கேல்லை, கேட்டுக்கொண்டே இருந்தவ. இங்கிலீசில எழுதுறவை இதுக்கு ஒரு சொல்லுக்கு எவ்வளவு கஷ்டப்படுகினம், எங்களிட்டை அது அடுப்படியிலயே கிடக்கு.

"எங்கட பண்பாட்டில இல்லை" எண்டுறதுக்கு ஒரு சொல்லு. தொல்காப்பியத்தில கிளவியாக்கத்தில "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி" எண்டு ஒரு இடம் வருது, ஆண்தன்மையில இருந்து பெண்தன்மைக்கு மாறின ஆக்களைச் சொல்லுற பெயர் அது, அந்த ஆக்களுக்கு எண்டு தனி ஈறு இல்லை, ஆனா உயர்திணை ஈறுதான் போட வேணும் எண்டு சொல்லுது. சிலப்பதிகாரத்தில மாதவி ஆடின பதினொரு ஆடலில ஆண்மை திரிஞ்ச பெண்கோலத்தில காமன் ஆடின பேடியாடலும் ஒண்டு. ரெண்டு பொம்பிளையளின்ரை அன்புக்கு இது நேரான சான்று எண்டு நான் சொல்ல வரேல்லை, இல்லவே இல்லை எண்டு சொல்ல முந்தி ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ எண்டுதான் கேக்கிறன்.

வெளிநாட்டுச் சரக்கு எண்டும் சொல்லாதேங்கோ. 1956இல இருந்து 2008இல சாகும் வரைக்கும் இந்த நாட்டில இருந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1975இலயே "இம்பீரியல் ஏர்த்" நாவலில ஆண் பெண் ரெண்டு பேரையும் நேசிக்கிற ஒரு ஆளைக் கதாநாயகனா வைச்சவர். 2022இல புக்கர் வாங்கின எங்கட நாட்டு எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின்ரை நாவலில செத்துப்போன ஒரு படப்பிடிப்பாளன்ரை ஆவியைச் சுத்தித்தான் கதை, அவன் நேசிச்சது ஒரு தமிழ்ப் பொடியனை. இந்த நாட்டவரான வஜ்ர சந்திரசேகரவின்ரை "த செயின்ட் ஒஃப் பிறைட் டோர்ஸ்" 2023இல வந்து நெபியூலா எடுத்தது, அதில நாயகனுக்குக் காதலன் இருக்கிறான், அது அங்க ஒரு பிரச்சினையே இல்லை. மூண்டும் இங்கிலீசில எழுதினது. கொழும்பில நடக்கிற கதைக்குள்ள எங்கட பொடியன் வரலாம், எங்கட பாசையில நாங்களே எழுதினா மட்டும் ஏன் அக்கா தங்கச்சி?

சட்டத்துக்குப் பயம் எண்டு ஒருத்தர் சொன்னவர். 1883இல வெள்ளைக்காரன் கொண்டு வந்த தண்டனைச் சட்டக்கோவையில ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கிற 365, 365ஏ பிரிவுகள் இருக்கு, 1995இல திருத்தி அதுக்குள்ள பொம்பிளையளையும் இழுத்தவை, 2023 மே மாசம் அதை மாத்திற மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பிரிவுகளில கதை எழுதுறதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இனி ஏன் எனக்கு இவ்வளவு நொந்தது எண்டு சொல்லுறன். நாலு வருசத்துக்கு முந்தி நானும் அவவும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீடு வாடகைக்குப் பாக்கப் போனனாங்கள். வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி தந்து, ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்திட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் என்ன முறை பிள்ளையள்?" எண்டு கேட்டவ. என்னோட வந்தவ கோப்பையைக் கீழ வைச்சிட்டு என்னைப் பாத்தவ. நான் "பெரியம்மான்ரை மகள், எனக்கு அக்கா" எண்டன். அண்டைக்குத் திறப்புத் தந்தவ. இண்டைக்கும் அந்த அம்மா கோயில் புக்கை கொண்டு வந்து தந்து "அக்காவுக்கும் குடுங்கோ" எண்டுவா, நல்ல மனுசி, நான் ஓம் எண்டு வாங்குவன். அந்தப் பொய்யைச் சொல்லாம ரெண்டு பேர் இருக்கிறதுக்குத்தான் எனக்கு ஒரு கதை வேண்டியிருந்தது, அதுக்குள்ளயும் வந்து அதே பொய்யைக் கேட்டியள்.

இந்த வருசமும் அதே கதையை அனுப்புறன், ஒரு எழுத்தும் மாத்தேல்லை. விஞ்ஞானம் பிழை எண்டா சொல்லுங்கோ, நடை சரியில்லை எண்டா சொல்லுங்கோ, முடிவு இழுபடுது எண்டு எனக்கே ஒரு ஐமிச்சம் இருக்கு, அதையும் சொல்லலாம். அந்த ரெண்டு பேருக்காகத்தான் கதை வேண்டாம் எண்டா போனில சொல்லாதேங்கோ, ரெண்டு வரியில எழுதி அனுப்புங்கோ. அடுத்த போட்டி அறிவித்தலில விதிமுறையளோட அதையும் சேத்துப் போடுங்கோ, என்னைப் போல எழுதுற பிள்ளையள் இரவிரவா இருந்து மாத்தி எழுதிப் பாக்கத் தேவையில்லை.

அன்போட,
மதி சுகுணா கதையை எழுதினவள்