எங்களை வெட்டவும் சொல்லாதீர்கள், மன்னிக்கவும் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழிக்குப் பழி கொலை பற்றி உங்கள் இதழில் வந்த செய்தியையும், 'மன்னிக்கும் மனம் வளர வேண்டும்' என்று அதற்கு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தையும் படித்தேன். நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஆனால் கொலை விழுந்த வீட்டில் இருந்து பார்த்திருக்க மாட்டார். வயல் பாதைத் தகராறில் என் அண்ணனை வெட்டிக் கொன்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பிணவறை வாசலுக்கு முதலில் வந்தவர்கள் "உடலை வாங்காதீங்க" என்றார்கள். சரி, கைது நடக்கட்டும் என்று நாங்களும் உட்கார்ந்தோம். அடக்கம் முடிந்து திரும்பினால் தெருமுனையில் பிளக்ஸ். அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கம், கீழே கணக்கு பாக்கி இருக்கிறது என்கிற மாதிரி ஒரு வாசகம். அதை வைத்த பையன்களில் பாதிப் பேரை மதினிக்கு யாரென்றே தெரியாது. அண்ணன் மகன் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அவனைப் பார்த்து "நீ என்ன செய்யப் போற?" என்று கேட்காத ஆள் இல்லை. அரிவாளை எடு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்படிக் கேட்டாலே போதாதா?

இன்னொரு பக்கம் சபையார். நாங்கள் சி.எஸ்.ஐ. குடும்பம். நாற்பதாம் நாள் ஜெபத்தில் ஆஸ்திரேலிய மிஷனரி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவரையும், பத்து வயதும் ஆறு வயதுமான மகன்கள் இருவரையும் வண்டியோடு எரித்தவர்களை அவர் மன்னித்தார். பெரிய மனுஷி, சந்தேகமே இல்லை. 2004 வரை பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளிகளைக் கவனித்தார். ஆனால் பிரசங்கத்தில் விட்டுப்போகிற பாதி ஒன்று உண்டு. அவர் மன்னித்துவிட்டார் என்று வழக்கு நிற்கவில்லை. எரித்த கும்பலுக்குத் தலைமை தாங்கிய தாரா சிங்குக்கு 2003-ல் மரண தண்டனை விதித்தார்கள். 2005-ல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. தண்டனையை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது, மன்னிப்பை அவர் பார்த்துக்கொண்டார்.

எங்களிடம் சமாதானம் பேச வந்தவர்கள் கேட்டது வேறு. "ஒரே ஊர், நாளைக்கும் முகத்துல முழிக்கணும்லா" என்று ஆரம்பித்த பெரியவர், எழுந்திருக்கும்போது ஒரு தொகையும் சொன்னார். கொலை வழக்கைச் சமரசமாக முடிக்கச் சட்டத்தில் இடமே கிடையாது. அப்புறம் எதற்குப் பணம்? கூண்டில் ஏறும் நாளில் மதினி "இருட்டுல முகம் தெரியல" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளேயே நாங்கள் ஒரு நினைப்பில் இல்லை. அம்மா "அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே" என்பாள். அவளேதான் பரமண்டல ஜெபத்தில் கடனாளிகளை, அதாவது நமக்குத் தீங்கு செய்தவர்களை, மன்னிக்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறாள், அதைத் தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்கிறாள். மதினிக்குத் தூக்குக்குக் குறைந்து எதுவும் வேண்டாம். எனக்கு நாளுக்கு ஒன்று தோன்றுகிறது. நாங்கள் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்று ஊருக்கு என்ன அவசரமோ தெரியவில்லை.

2024 டிசம்பரில் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலிலேயே ஒருவரை வெட்டிக் கொன்றார்களே, அதுவும் முந்தைய கொலைக்குப் பழி என்றுதான் போலீஸ் சொன்னது. அன்றைக்கு அண்ணன் மகனை வாசல்படி தாண்ட விடவில்லை. அவ்வளவு பயம்.

அவனைப் பிடித்து நிறுத்தியது உபதேசம் இல்லை, இலவச சட்ட உதவி மூலம் கிடைத்த ஒரு வக்கீலம்மா. எதிரிகள் ஜாமீன் கேட்டால் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும், 2022-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். அரசு வழக்கறிஞருக்கு உதவியாக நாமும் வக்கீல் வைக்கலாமாம். குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்தால் மேல்முறையீடு செய்யும் உரிமை 2009-ன் கடைசியிலிருந்தே நமக்கு உண்டாம். இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுப் போடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதைப் போலீசே 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட ஸ்டேஷனில் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. ஜாமீனை எதிர்க்கிற மனுவில் மகன்தான் கையெழுத்துப் போட்டான். இப்போது யாராவது "என்ன செய்யப் போற?" என்று கேட்டால், "செவ்வாய்க்கிழமை வாய்தா இருக்கு" என்கிறான். கேட்டவருக்கு அது ஏமாற்றம்தான், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும்வரை அவனைப் பற்றிய பயமும் போகாது.

உங்களிடம் கேட்பது இரண்டு. பிளக்ஸில் எழுதியிருந்த வாசகத்தைச் செய்தியில் அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அந்தப் பையன்களுக்கு வேண்டியதே அதுதான். பிறகு, ஒவ்வொரு கொலைச் செய்திக்குக் கீழேயும் இலவச சட்ட உதவி எண் 15100 என்று ஒரு வரி போடுங்கள். அழுகிற பெண்களின் படத்துக்கு நாலு பத்தி இடம் கிடைக்கும்போது இதற்குக் கிடைக்காதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்)