மிஞ்சும் மின்சாரத்தை எங்கே வைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை பிந்தினால் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய மஸ்கெலியா கோயில் தலைகாட்டும், நாங்கள் வேடிக்கை பார்க்கப் போவோம். அதே நேரம் கொழும்பில் நீர்மின்சாரம் குறைந்துவிட்டதென்று டீசலுக்கும் உலை எண்ணெய்க்கும் டொலர் தேடிக்கொண்டிருப்பார்கள். 1950 இல் லக்சபான நீர்மின் நிலையம், 2012 இல் மேல் கொத்மலையின் 150 மெகாவாட் என்று மலையில் பெரிய ஆறுகளையெல்லாம் மறித்தாகிவிட்டது. இனிப் பெரிய அணைக்கு இடம் அதிகமில்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாட்டும் கப்பலில் வரும் நிலக்கரிதான். டொலர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2022 இல் 13 மணி நேர மின்வெட்டில் பார்த்தோமே.

சரி, சூரிய மின்சாரம் இருக்கிறதே என்பார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் கூரையிலுள்ள சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்களே, அது எதற்கு? பகலில் மிஞ்சுவதைச் சேமிக்கப் போதிய வழியில்லை, இரவானால் திரும்பவும் எண்ணெய். மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 600 மெகாவாட் மகா ஓயாத் திட்டம், அரநாயக்கவில், வருடக்கணக்காகப் பேச்சிலேயே நிற்கிறது. 20 வருடத் திட்டம் எழுதுவதில் மின்சார சபை குறை வைத்ததில்லை, ஆட்சி மாறினால் அதுவும் மாறுவதுதான் கோளாறு. அமைச்சர் அடுத்த முறை மலைப்பக்கம் வரும்போது மகா ஓயா வேலை எந்த மாதம் ஆரம்பம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

வாசகர் ஒருவர்,
மஸ்கெலியா