ஃபார்மட் ஆகாத பென்டிரைவ்: கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று நம் வட்டாரம் முழுக்க கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையும் ஸ்டூடியோவும் நடத்துகிற அண்ணாச்சிமாருக்கும், அங்கே வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் மைக் செட் வைத்திருப்பவன். எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடையில் என் பெரியப்பா கடைசியாக வில்லுப்பாட்டு பாடியது ஒரு 16 ஜிபி பென்டிரைவில் இருந்தது. மிக்சரிலிருந்து நேராகப் பதிவு செய்தது. உடுக்குச் சத்தமும் குடத்துச் சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். அடுத்த கொடைக்கு அவர் இல்லை.

ஒரு நாள் அதில் புதுப் பாட்டு ஏற்றப் போனால் 'டிஸ்க் ரைட் புரொடெக்டட்' என்று வந்தது. பழைய ஃபைல்கள் திறந்தன, பாடவும் செய்தன. புதிதாக எதுவும் ஏறவில்லை, இருப்பதை அழிக்கவும் முடியவில்லை. வைரஸாக இருக்கும் என்று நினைத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மறுநாள் போனபோது, "ஃபார்மட் ஆகல அண்ணே, டிஸ்க்பார்ட் போட்டும் ஆகல, கடைசியா கம்பெனி டூல் போட்டோம், இப்ப டிரைவே காட்ட மாட்டேங்குது" என்றார் அந்தத் தம்பி. (டிஸ்க்பார்ட் என்பது விண்டோஸோடு வரும் டிஸ்க் கருவி; கம்பெனி டூல் பற்றிக் கீழே சொல்கிறேன்.) கொள்ளளவு பூஜ்யம், 'நோ மீடியா'. தம்பி காசு வாங்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டு போய்விட்டது.

அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தேன். படித்தபோதுதான் நெஞ்சு வலித்தது. ரைட் புரொடெக்டட் என்று வந்த அன்று ஃபைல்களை அப்படியே காப்பி எடுத்திருந்தால் போதும், ஒரு மணி நேரத்தில் எல்லாம் பத்திரமாக இருந்திருக்கும்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். பென்டிரைவுக்குள் இருக்கும் சிப் ஒரு கிட்டங்கி மாதிரி. கன்ட்ரோலர் அதன் கணக்குப்பிள்ளை. எந்தச் சரக்கு எந்த அறையில் இருக்கிறது என்ற பேரேடு அவர் கையில். அழித்து எழுத எழுத அறைகள் தேயும். இப்போது வரும் மலிவான சிப்கள் ஓர் இடத்தில் சில நூறு முதல் சில ஆயிரம் முறை வரைதான் தாங்கும். பழைய எஸ்எல்சி வகை (ஒரு செல்லில் ஒரே ஒரு பிட் வைக்கும் சிப்) சுமார் 1,00,000 முறை தாங்கியது. ஓர் அறை கெட்டால் கணக்குப்பிள்ளை ஒதுக்கி வைத்திருக்கும் மாற்று அறையைத் திறப்பார். மாற்று அறைகளும் தீர்ந்துவிட்டால், அல்லது பேரேட்டிலேயே பிழை கண்டால், பல கன்ட்ரோலர்கள் ஒரு முடிவுக்கு வரும்: இனி சரக்கு உள்ளே வராது, இருப்பதை வேண்டுமானால் எடுத்துப் போகலாம். அதைத்தான் நாம் 'ஃபார்மட் ஆகாத பென்டிரைவ்' என்கிறோம். அது எவ்வளவு நாள் அந்த நிலையில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை செருகும்போதே பூஜ்யம் காட்டலாம்.

எழுதவிடாத இந்தப் பூட்டு வெளியிலிருந்து விழுந்ததா, டிரைவே போட்டதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். சில டிரைவ்களில் பக்கவாட்டில் சின்ன சுவிட்ச் இருக்கும். சில கம்ப்யூட்டர்களில், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரைட்புரொடெக்ட் என்பது 1 ஆகக் கிடக்கும். வேறொரு மெஷினில் செருகினாலும் அதே பதில்தான் என்றால் கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. லினக்ஸில் செருகி டிமெசெஜ் என்ற சிஸ்டம் செய்திப் பதிவைப் பார்த்தால், 'ரைட் புரொடெக்ட் ஈஸ் ஆன்' என்று டிரைவே சொல்லியிருப்பது வரியாக வரும். டிஸ்க்பார்ட்டில் ரீட்-ஒன்லியை நீக்கும் கட்டளை வெற்றி என்று சொன்ன பிறகும் 'கரண்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்: யெஸ்' என்றே நின்றால், மேற்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். இன்னொரு அடையாளமும் உண்டு, அதைப் பார்த்தால் வாடிக்கையாளர் பேய் வேலை என்றே நினைப்பார்: ஃபைலை அழித்தால் அழிந்த மாதிரி இருக்கும், கழற்றி மறுபடி செருகினால் அத்தனையும் பழையபடி வந்து நிற்கும். கன்ட்ரோலர் எழுதுவது போலக் காட்டிவிட்டு எதையும் எழுதவில்லை என்று அர்த்தம்.

'டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்பது வேறு கதை. ஜெனரேட்டருக்கு மாற்றும்போது கரண்ட் போய் வந்தாலோ, எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினாலோ ஃபைல் அட்டவணை கெட்டு, டிரைவ் 'ரா' என்று காட்டும், அதாவது உள்ளே ஃபைல் எப்படி அடுக்கியிருக்கிறது என்று விண்டோஸுக்குப் புரியவில்லை. அங்கே சிப் நன்றாகவே இருக்கலாம். அதற்கும் முதல் வேலை ஃபார்மட் இல்லை. விண்டோஸின் பிழை திருத்தும் கருவியான செக்டிஸ்கும் இல்லை, அது டிரைவிலேயே திருத்தி எழுதும். நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிரைவையும் ஒரே இமேஜாக, அதாவது அச்சு அசல் நகல் ஃபைலாக எடுத்துக்கொண்டு, அந்த இமேஜில் ஃபைல் மீட்கும் டெஸ்ட்டிஸ்க்கோ போட்டோரெக்கோ ஓட்டுங்கள். மூன்றும் இலவசம்தான். டிடிரெஸ்க்யூ நல்ல இடங்களை முதலில் படித்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். சாகப்போகிற டிரைவுக்கு அந்த வரிசைதான் முக்கியம்.

கம்பெனி டூல் பற்றி மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். டிரைவின் உள் விவரம் காட்டும் சிப்ஜீனியஸில் கன்ட்ரோலர் எண் பார்த்து ஓட்டுகிற மாஸ் புரொடக்‌ஷன் டூல், தொழிற்சாலையில் புது டிரைவைத் தயார் செய்ய வந்தது. அது பேரேட்டையே புதிதாக எழுதும். அதற்கப்புறம் டேட்டா ரெக்கவரி கடைக்குப் போனாலும் பழைய சரக்கைத் தேடி எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். உள்ளே இருப்பது எதுவும் வேண்டாம் என்று உடையவர் வாயால் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். அந்த டூலால் டிரைவ் பிழைத்தே வந்தாலும், தேய்ந்த சிப் தேய்ந்ததுதான். டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டிப் பார்க்காமல் 'சரியாயிட்டு' என்று திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். 64 ஜிபி என்று அச்சடித்த போலி டிரைவும் அந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் கல்யாண ஆல்பம் ஊறிப் போனது. திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியில் கடைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது, உங்களில் சிலர் அதைப் பட்டு அனுபவித்தவர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு மிஞ்சியிருப்பது ஸ்டூடியோக்காரர் அன்றைக்குக் கொடுத்த ஒரு பென்டிரைவாக இருக்கலாம். அதை உங்கள் மேசையில் வைக்கும் ஆச்சிக்கு ஃபார்மட் என்றால் என்னவென்று தெரியாது. "செத்த சரி பண்ணிக் குடு ராசா" என்பார், அவ்வளவுதான். அதனால் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான். "உள்ளே என்ன இருக்கு, வேற எங்கேயாவது காப்பி இருக்கா?" என்று ரசீது எழுதும்போதே கேட்டு, பதிலை அதிலேயே குறித்துவிடுங்கள். ஒருவர் வாங்கி வைத்ததை இன்னொருவர் எடுத்து வேலை பார்க்கும் கடைகளில் அந்தக் குறிப்பு ரொம்ப அவசியம். காப்பி எடுத்துத் தரும் வேலைக்குத் தனியாகக் கூலி கேளுங்கள், சந்தோஷமாகக் கொடுப்போம்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். அந்தக் கொடைக்கு வந்திருந்தவர்களில் சிலர் போனைத் தூக்கிப் பிடித்துப் பெரியப்பா பாட்டைப் பதிவு செய்ததை நான் பார்த்தேன். அம்பாசமுத்திரம் சுற்று வட்டாரத்துச் சுடலைமாடன் கொடை என்று குறித்த பழைய மெமரி கார்டு ஏதாவது ரிப்பேருக்கு வந்தால், உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரப் பாட்டு இருந்தாலும் போதும். இந்தப் பக்கம் எந்த மைக் செட் காரரிடம் சொன்னாலும் எனக்குச் சேதி வந்துவிடும், நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வில்லுப்பாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை,
அம்பாசமுத்திரம் வட்டாரம்.