கிங்ஸை சாக்ரமெண்டோவிலேயே விடுங்கள்: என்பிஏ உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாக்ரமெண்டோ,
மே 12, 2013

மதிப்புக்குரிய ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் அவர்களுக்கும், என்பிஏவின் முப்பது அணி உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

வரும் புதன்கிழமை டாலஸில் கூடி, எங்கள் கிங்ஸ் கூடைப்பந்து அணி இனி எந்த ஊரில் ஆடும் என்று வாக்கெடுக்கப் போகிறீர்கள். ஏப்ரல் 29 அன்று உங்களுடைய இடமாற்றக் குழுவில் இருந்த ஏழு பேரும், ஒருவர்கூட மாறாமல், அணி சாக்ரமெண்டோவிலேயே இருக்கட்டும் என்று பரிந்துரை செய்தார்கள். அன்றைக்கு இந்த ஊர் ரொம்ப நாளைக்கு அப்புறம் நிம்மதியாகத் தூங்கியது. அந்த நிம்மதி இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை. நேற்று முன்தினம், வெள்ளிக்கிழமை, அணியை வாங்கித் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக நினைக்கும் சியாட்டில் தரப்பு விலையை மறுபடியும் ஏற்றிவிட்டது. ஜனவரியில் அணியின் மதிப்பு 52.5 கோடி டாலர் என்றார்கள், ஏப்ரலில் 55 கோடி என்றார்கள், இப்போது 62.5 கோடி என்கிறார்கள்.

உங்கள் குழு முடிவு சொன்ன பிறகும் விலை ஏறுகிறது என்றால், இது ஏலம், கூடுதலாகக் கேட்பவருக்குத்தான் கிடைக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: கிங்ஸை சாக்ரமெண்டோவிலேயே விடுங்கள்.

அணியை வைத்திருக்கும் மலூஃப் குடும்பத்தின் கதை, அணியை அவர்கள் கொண்டுபோகப் பார்த்த அனஹைம் கதை, அரங்கத்தின் கதை எல்லாம் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு வரும் கோப்புகளில் இருக்காது என்று நான் நினைக்கும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் மாதம் இந்த ஊரில் எப்படி இருக்கிறது தெரியுமா?

2011 ஏப்ரல் 13. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியுடன் சீசனின் கடைசி ஆட்டம். அணி அனஹைமுக்குப் போய்விடும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். ஆட்டம் ஓவர்டைம் வரைக்கும் போய்த் தோற்றோம். ஆனால் முடிந்து வெகுநேரம் ஆகியும் யாரும் எழுந்து போகவில்லை. இத்தனை வருடம் ஆட்டத்தை வர்ணித்த கிராண்ட் நேப்பியரும் ஜெரி ரெனால்ட்ஸும் நேரலையிலேயே பேச முடியாமல் தொண்டை அடைத்து நின்றார்கள். அப்புறம் மே மாதத்தில், இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்று செய்தி வந்தது. அடுத்த பிப்ரவரியில் ஆர்லாண்டோவில் உங்கள் முன்னிலையில் புது அரங்கத்துக்கு ஒப்பந்தம் ஆனது, 39.1 கோடி டாலர் திட்டம். மேயர் கெவின் ஜான்சனும் மலூஃப் சகோதரர்களும் ஆடுகளத்தின் நடுவில் கைகோத்து உயர்த்தி நின்றபோது பக்கத்தில் இருந்தவர் பேசுவது காதில் விழவில்லை, அவ்வளவு ஆரவாரம். 2012 ஏப்ரல் 13 அன்று அந்த ஒப்பந்தம் முறிந்தது. முதல் வருடம் வழியனுப்பிய அதே தேதி. தமிழர்களான எங்களுக்கு அது சித்திரை பிறக்கும் சமயம். இரண்டு வருடம் அடுத்தடுத்து நாங்கள் புத்தாண்டை இப்படித்தான் பார்த்தோம். இந்த வருடம் ஏப்ரல் 17, கிளிப்பர்ஸுடன் ஆட்டம், மறுபடியும் அதே கூட்டம், அதே கண்ணீர்.

மேல்தட்டில் எங்கள் பகுதியில் இருக்கை காட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். அரங்கம் திறந்த 1988-லிருந்து அங்கேதான் வேலை. சிறுவர்கள் மறந்துவிட்டுப் போகும் மாட்டு மணிகளை எடுத்து, தன் நாற்காலிக்குக் கீழே ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு வைப்பார். யாராவது வந்து கேட்டால் தேடி எடுத்துக் கொடுப்பார். எங்கள் ஊரை மாட்டு ஊர் என்று லேக்கர்ஸ் பயிற்சியாளர் சொன்னதிலிருந்து எங்கள் கையில் மணி வந்தது, அதுவும் உங்களுக்குத் தெரிந்ததே. கிளிப்பர்ஸ் ஆட்டம் முடிந்ததும் அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று போனேன். "போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அழுதாகிவிட்டது. இந்த முறை யாருக்கும் விடை கொடுக்கப் போவதில்லை. அக்டோபரில் வாருங்கள்" என்றார். பெட்டியை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போகிறாராம், இங்கே வைத்துவிட்டுப் போனால் அரங்கம் பூட்டப்பட்டுவிடுமோ என்று பயம்.

அவரைப் போல வாயிலில் டிக்கெட் பார்ப்பவர்கள், வண்டி நிறுத்தத்தில் கொடி அசைப்பவர்கள், பாப்கார்ன் விற்பவர்கள் என்று எத்தனையோ பேர். மணிக்கணக்குக் கூலி. வேறு வேலை தேடுவதா வேண்டாமா என்று மூன்று கோடைக்காலமாக அவர்களுக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. போய்விட்டது என்று சொன்னால் மனதைத் தேற்றிக்கொண்டு வேறு வழி பார்ப்பார்கள். இருக்கும் என்று சொன்னால் அதை நம்பி இருப்பார்கள். இரண்டும் சொல்லாமல் ஒரு ஊரையே இத்தனை காலம் காக்க வைப்பது எந்த விதத்தில் நியாயம் என்று, உரிய மரியாதையுடன், உங்களைக் கேட்கிறேன்.

இது நல்ல சந்தை இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு விவரம். 1985-ல் அணி வந்த நாளிலிருந்து 1997 வரை, தொடர்ந்து 497 ஆட்டங்களுக்கு எங்கள் அரங்கம் நிறைந்தது. அணி ஜெயித்துக்கொண்டா இருந்தது? 1990-91 சீசனில் வெளியூரில் ஆடிய 41 ஆட்டங்களில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. அதே அணி, அதே சீசனில், எங்கள் முன்னால் 24 ஆட்டங்களை ஜெயித்தது. ஆடுகளத்தில் ஐந்து பேர்தான் ஆட முடியும், ஆறாவது ஆள் ரசிகர்கள் என்று சொல்லி, 6 என்ற எண்ணை வேறு எந்த வீரருக்கும் தரமாட்டோம் என்று அணியே கூரையில் ஏற்றிவைத்தது. 17,317 இருக்கைகளுக்கு மேலே இன்றைக்கும் அது தொங்குகிறது. அணி சியாட்டிலுக்குப் போனால் அந்த 6 யாருடைய எண்ணாக இருக்கும்?

நான் மாநில அரசுத் துறை ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் கணினி வேலை பார்ப்பவன். ஃபோல்சம், நேட்டோமாஸ், எல்க் குரோவ் என்று இங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கும் இதே மாதிரி வேலைதான். இது அரசு ஊழியர்களின் ஊர். 2009-ல் மாநிலத்தின் கஜானா காலியானபோது ஊழியர்களை மாதம் மூன்று வெள்ளிக்கிழமை சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். என் அலுவலகத்தில் அந்த வெட்டுக்கு ஆளான ஒருவர் தன் இரண்டு சீசன் இருக்கைகளை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் விடவில்லை. நாலு குடும்பம் சேர்ந்து பணம் போட்டு, ஆட்டங்களைப் பங்கு பிரித்துக்கொண்டோம். புது ஊரில் யாரையும் தெரியாமல் வந்து இறங்கிய என்னை, திங்கட்கிழமை காலை காபி எடுக்கும் இடத்தில் கூப்பிட்டுப் பேச வைத்தது இந்த அணிதான். முந்தின நாள் ஆட்டம் பார்த்தீரா என்று கேட்டு ஆரம்பித்த பேச்சு, வீட்டுக்குச் சாப்பிட வரும் பழக்கம் வரைக்கும் வளர்ந்தது. இந்த ஊரில் பெரிய லீக் அணி இது ஒன்றுதான். கால்பந்தும் பேஸ்பாலும் உள்ள நகரங்களில் ஓர் அணி போனால் இன்னொன்று இருக்கும். எங்களுக்கு வேறில்லை.

நீங்கள் கேட்டதில் எதை நாங்கள் செய்யாமல் விட்டோம்? 1997-ல் அணி நிதி நெருக்கடியில் இருந்தபோது 7 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தது இந்த நகரம்தான். 2006-ல் அரங்கத்துக்காக விற்பனை வரியை உயர்த்த மறுத்தோம் என்று சியாட்டில் நண்பர்கள் நினைவூட்டுகிறார்கள். உண்மைதான், வாக்காளர்கள் அதைத் தோற்கடித்தார்கள். கடைக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் அரங்கத்துக்குப் பணம் வாங்குவதற்குத்தான் மக்கள் மறுத்தார்கள், அணி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பணத்துக்கு வேறு வழி தேடி 2012-ல் நகர மன்றம் 7-2 என்று வாக்களித்தது. அந்த ஒப்பந்தத்தை முறித்தது நாங்கள் அல்ல. இந்த மார்ச் 26 அன்று மறுபடியும் 7-2. நகரின் மையத்தில் 44.8 கோடி டாலரில் அரங்கம், அதில் நகரத்தின் பங்கு 25.8 கோடி, பெரும்பகுதி வாகன நிறுத்தக் கட்டண வருவாயை நம்பி. ஆட்குறைப்பு செய்து, சேவைகளை வெட்டி, இப்போதுதான் மூச்சு விடும் ஒரு நகராட்சி இதைச் செய்கிறது. உள்ளூர்க்காரர்கள் இருபது பேர் போல, ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் தருகிறோம் என்று முன்வந்தார்கள். மும்பையில் பிறந்து சிலிக்கான் வேலியில் தொழில் கட்டியெழுப்பிய விவேக் ரணதிவே தலைமையில் வாங்குவதற்கு ஒரு குழு தயாராக இருக்கிறது. அவர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் பங்குதாரர், உங்களுக்குத் தெரிந்தவர். வந்தால் சீசன் டிக்கெட் எடுப்போம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வாங்க ஆள், கட்ட இடம், பொதுப் பணம், உட்கார ரசிகர்கள், எல்லாம் தயார். இதற்கு மேலும் என்ன வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சியாட்டில் மேல் எனக்குக் கோபம் இல்லை. 41 வருடம் சூப்பர்சானிக்ஸை வைத்திருந்த ஊர் அது. 2008-ல் அந்த அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போனபோது அவர்கள் பட்ட வேதனை என்னவென்று எங்களுக்கு இப்போது நன்றாகவே புரிகிறது. அவர்களுக்கு அணி கிடைக்க வேண்டும். அதற்கு வழி புதிய அணி ஒன்றைக் கொடுப்பது. ஒரு வீட்டில் எரிந்த அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அடுப்பைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பசி தீர்வதில்லை, வீடு மாறுகிறது, அவ்வளவுதான்.

கிங்ஸே கன்சாஸ் சிட்டியிலிருந்து வந்த அணிதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ராச்செஸ்டர், சின்சினாட்டி, கன்சாஸ் சிட்டி, ஒமாஹா என்று அலைந்து வந்த அணி. அந்த ஊர்களையெல்லாம்விட அதிக காலம், 28 வருடம், தங்கியது இங்கேதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001-ல் வான்கூவர், 2002-ல் சார்லட், 2008-ல் சியாட்டில் என்று ஊர்கள் அணியை இழந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் முதலில் அரங்கம் பழசாகிவிட்டது என்ற பேச்சு வருகிறது, அப்புறம் வேறொரு நகரத்தின் பெயர் அடிபடுகிறது, அப்புறம் மக்கள் வரிப் பணத்தோடு மேசைக்கு வர வேண்டும். வர முடியாத நகரம் அணியை இழக்கிறது. வந்த நகரமும் பத்து இருபது வருடம் கழித்து இதே பேச்சைக் கேட்கிறது. ஆசிரியர்களை வேலையிலிருந்து அனுப்பும் ஊர்களிடம் கோடீஸ்வரர்களின் கட்டடத்துக்குப் பணம் கேட்பதற்கு உங்களுக்கு ஒருபோதும் கூச்சம் வரவில்லையா? 2002 மே 31 அன்று மேற்குப் பிரிவு இறுதித் தொடரில் எங்களுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ (தடுப்பாரில்லாமல் கூடையில் எறியும் வாய்ப்பு) கொடுக்கப்பட்டதைப் பார்த்துவிட்டும், அடுத்த சீசனுக்குப் பணம் கட்டிய ரசிகர்கள் நாங்கள். எங்கள் பொறுமைக்கு என்ன விலை போட்டீர்கள்?

மன்னிக்க வேண்டும். கோபப்படுவதற்காக இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கவில்லை, கேட்பதற்காகத்தான் ஆரம்பித்தேன்.

ஸ்டெர்ன் அவர்களே, நீங்கள் ஆணையராக இருந்தபோதுதான் கிங்ஸ் இந்த ஊருக்கு வந்தது. அடுத்த பிப்ரவரியில் ஓய்வு பெறுகிறீர்கள். 2011-லும் 2012-லும் சாக்ரமெண்டோவுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுங்கள் என்று நீங்கள் நின்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. உரிமையாளர்களே, இடமாற்றத்துக்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்கு போதும் என்பது உங்கள் விதி. உங்களில் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரின் பெயரைச் சட்டையில் போட்டிருக்கும் அணிக்குச் சொந்தக்காரர். உங்கள் ஊர்க்காரர்கள் நாங்கள் செய்த எல்லாவற்றையும் செய்துவிட்டு, கடைசி வாரத்தில் 7.5 கோடி டாலர் கூடுதலாகக் கொடுக்க ஒருவர் வந்ததால் அணியை இழந்தார்கள் என்றால், அவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று வாக்குப் போடும் முன் யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: புதன்கிழமை உங்கள் குழுவின் பரிந்துரையை ஏற்று இடமாற்றத்தை நிராகரியுங்கள். சியாட்டிலுக்குப் புதிய அணி கொடுக்கும் பேச்சை அதே கூட்டத்தில் தொடங்குங்கள். விற்பனையை, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் 27 டிராஃப்டுக்கு முன்பாக முடித்துவையுங்கள். இங்கே வேலை செய்பவர்களுக்கு அக்டோபரில் வேலை இருக்கிறதா இல்லையா என்று கோடை முடிவதற்குள் தெரிய வேண்டும். கிங்ஸை சாக்ரமெண்டோவிலேயே விடுங்கள்.

இப்படிக்கு,
சாக்ரமெண்டோவில் வாழும் ஒரு தமிழ் ரசிகன்