வீட்டுத் தரகர் ஒப்பந்தம் வாங்குபவரையும் கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு வாங்குவோருக்காகத் தங்கள் இதழில் வந்த கட்டுரை, தரகர் என்னென்ன செய்து தர வேண்டும் என்று விரிவாகவே சொன்னது. தரகரோடு போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் வாங்குபவர் தலையில் விழும் கடமைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தகராறு கிளம்புவது அங்கேதான்.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 17 முதல், எம்.எல்.எஸ். எனப்படும், தரகர்கள் பகிர்ந்துகொள்ளும் வீட்டு விற்பனைப் பட்டியலில் சேர்ந்திருக்கும் தரகர், எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வாங்குபவரை அழைத்துப்போய் வீடு காட்டக் கூடாது. நேரலை வீடியோவில் காட்டினாலும் இதே விதிதான். விற்பனைக்குள்ள வீட்டை யாரும் வந்து பார்க்கத் திறந்து வைக்கும் ‘ஓப்பன் ஹவுஸ்’ நாளில் நாமாகப் போய்ப் பார்ப்பதற்கு மட்டும் ஒப்பந்தம் தேவையில்லை. இதனால், வீடு பார்க்கப் போகும் அவசரத்தில் வாசலில் நின்றபடியே செல்போன் திரையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கையெழுத்து ஒரு நாளைக்கானதா, 6 மாதத்துக்கானதா என்று பார்ப்பதில்லை. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் என்றோ ஒரு வாரத்துக்கு மட்டும் என்றோ எழுதித் தரும்படி கேட்கலாம். கேட்காதவருக்கு நீண்ட காலத்துக்கான படிவம்தான் வரும்.

முதலில் பார்க்க வேண்டிய சொல் ‘எக்ஸ்க்ளூசிவ்’. அது இருந்தால், ஒப்பந்தக் காலத்தில், அதில் குறித்த பகுதிக்குள், யார் மூலம் வீடு வாங்கினாலும் அந்தத் தரகு நிறுவனத்துக்குக் கமிஷன் உண்டு. உரிமையாளரிடம் நேரடியாக வாங்கினாலும் உண்டு, சித்தப்பா வீட்டையே வாங்கினாலும் உண்டு. ஏற்கெனவே பேச்சில் இருக்கும் வீடு ஏதாவது இருந்தால், அதன் முகவரியைக் கையெழுத்துக்கு முன்பே விதிவிலக்காக எழுதிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் இன்னொரு தரகரிடமும் எக்ஸ்க்ளூசிவ் போட்டால், ஒரே வீட்டுக்கு இரண்டு கமிஷன் கேட்டு நிற்பார்கள். புதிதாகக் கட்டி விற்கும் இடங்களில் வேறொரு சிக்கல். முதல் முறை வரும்போதே தரகரும் கூட வந்து பெயரைப் பதிய வேண்டும் என்று பல பில்டர்கள் நிபந்தனை வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சும்மா தனியாகப் போய் மாடல் வீட்டில் பெயர் எழுதிவிட்டு வந்தால், பில்டர் தரகருக்குப் பணம் தர மறுக்கலாம். அப்போது அந்தக் கமிஷன் வாங்குபவர் பக்கம் திரும்பும்.

அடுத்தது, பற்றாக்குறைத் தொகை. ஒப்பந்தத்தில் தரகருக்கு 2.5 சதவீதம் கமிஷன் என்று ஒப்புக்கொண்டு, விற்பவர் அதில் 2 சதவீதம்தான் தருவேன் என்றால், மீதி அரை சதவீதம் வாங்குபவருடையது. கேட்கச் சிறிதாகத் தெரிந்தாலும் அது வீட்டின் முழு விலையில் அரை சதவீதம். வீட்டுக் கடனிலும் பொதுவாகச் சேராது; பத்திரம் முடிக்கும் நாளில் கையிலிருந்துதான் எடுக்க வேண்டும். விலை பேசும்போதே, விற்பவர் இதை ஏற்க வேண்டும் என்று, நாம் விலை சொல்லி அனுப்பும் ஆஃபரில் எழுதச் சொல்லலாம். மேலே சொன்ன அமெரிக்க விதிகளின்படி கமிஷன் திட்டவட்டமான ஒரு தொகையாகவோ வீதமாகவோ இருக்க வேண்டும். ‘விற்பவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு’ என்று எழுதக் கூடாது. எழுதியதற்கு மேல் தரகர் வேறு யாரிடமிருந்தும் வாங்கவும் கூடாது. கமிஷனைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, பேசித் தீர்மானிக்கலாம் என்ற வரியும் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது ‘பாதுகாப்புக் கால’ப் பிரிவில். ஒப்பந்தம் முடிந்த பிறகும் 30, 60 அல்லது 90 நாட்களுக்குள், அந்தத் தரகர் காட்டிய வீட்டை வாங்கினால் கமிஷன் அவருக்குத்தான். பிரிவு நியாயமானதே, வீட்டை அலைந்து காட்டியவரை ஒதுக்கிவிட்டு, கெடு முடியும்வரை காத்திருந்து வாங்குவதைத் தடுக்கிறது. ஆனால் எந்தெந்த வீடுகள் என்ற பட்டியலை, ஒப்பந்தம் முடியும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வேறு தரகரிடம் புது ஒப்பந்தம் போட்டால் இந்தப் பிரிவு செல்லாது என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

விலை முடிந்தபின் மனம் மாறி விலகினால், முன்பணத்தோடு கமிஷனும் போகும்படி சில படிவங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கடன் கிடைக்காததால் நின்றுபோவது வேறு. அதற்கான நிபந்தனை விற்பனை ஒப்பந்தத்தில் இருந்தால் தப்பலாம். கடன் விண்ணப்பத்தில் வருமானத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தால் அந்த வழியும் அடைபடும்.

கடைசியாக, ஒப்பந்தம் தரகு நிறுவனத்தோடு. நமக்கு வீடு காட்டும் ஆளோடு அல்ல. அவர் வேலை மாறிப் போனாலும் நாம் பழைய நிறுவனத்துக்கே கட்டுப்பட்டிருப்போம். விலக வேண்டுமானால் நிறுவனப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதம் தேவை. “பரவாயில்லை, விடுங்க” என்று வீடு காட்டியவர் போனில் சொன்னதை நம்பி இன்னொரு இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்