மரத்துக்கு நிவாரணம் சரி, மரம் ஏறியவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் எங்கள் பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துவிட்டது. தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என அரசு அறிவித்தது. சரி, அது தோப்பு வைத்திருந்த எங்களுக்கு. மரம் ஏறியவருக்கும், தேங்காய் உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்களுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. எங்களிடம் காய் பறித்தவர் திருப்பூருக்குப் போய்விட்டார். இப்போது புதுக்கன்றுகள் காய்க்கின்றன, ஏறத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று. அகற்றாமல் கிடந்த மரங்கள் மட்கி, பிளந்தால் உள்ளே கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள். அவையே காண்டாமிருக வண்டாகி இளங்கன்றின் குருத்தைக் குடைந்தன. நெட்டை ரகம் பாளை விட ஆறேழு வருடம் ஆகும். அதுவரை ஊடுபயிர் உளுந்தும் கடலையும்தான் சோறு போட்டன. அந்த நேரத்தில் குருத்து போனால் என்ன செய்வது?

அடுத்த புயலுக்கு முன்பே ஒன்றியந்தோறும் மரம் அறுக்கும் மெஷின்களைத் தயாராக வையுங்கள். தோப்பு வேலை செய்பவர்களையும் இப்போதே பட்டியல் எடுங்கள். ரேஷன் கார்டு போதும், நிலம் வைத்திருப்பதற்கான சிட்டா கேட்காதீர்கள்.

ஒரு தென்னை விவசாயி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.