வந்துபோன பிளம்பர்

பார்சிலோனா,
ஞாயிறு காலை

டேய் செபா,

சுகம்தானே? மேரியின் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். பேத்தி என்னிடம் இந்த ஊர் பாஷையான காட்டலானில் பேசுகிறாள், நான் பிரெஞ்சில் பதில் சொல்கிறேன், என் மகள் நடுவில் நின்று தமிழில் கத்துகிறாள். வண்டி ஓடுகிறது.

மூன்று வாரமாக உன் போனை நான் எடுக்கவில்லை. காரணம் இருக்கிறது. திட்டுவதென்றால் கடைசிப் பக்கம் வரை பொறுத்துக்கொள். முதலில் பிளம்பர் கதை.

சமையலறைக் குழாய் ஒழுகுகிறதென்று மகள் ஆளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். புதன்கிழமை பேத்திக்கு லீவு, எல்லோரும் ஜிரோனா போய்விட்டு ராத்திரி லேட்டாகத்தான் வந்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் கதவடியில் ஒரு சீட்டு. எதிர் வீட்டு அம்மாள் எழுதியது: 'வா வெனீர் எல் லாம்பிஸ்தா.' லாம்பிஸ்தா யாரென்று எனக்குத் தெரியும். இங்கே குழாய்க்கும் கரண்டுக்கும் அந்த ஒரே ஆள்தான். மிச்சம் 'வா வெனீர்'. நம் பிரெஞ்சு வாத்தியார் குடை மாஸ்டரிடம் படித்தவனுக்கு இதற்கெல்லாம் அகராதி வேண்டுமா? பிரெஞ்சில் 'இல் வா வெனீர்' என்றால் 'வரப்போகிறார்'. எழுத்துக்கு எழுத்து அதேதான். மகளிடம், "நீ ஆபீஸ் போ, ஆள் வருகிறான், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

காலை 9 மணியிலிருந்து சாயங்காலம் 6 வரை. மணி அடித்தால் கேட்காதே என்று குளிக்கக்கூட இல்லை. கடைசியில் அந்த அம்மாளின் கதவைத் தட்டினேன். அவருக்குப் பிரெஞ்சு தெரியும், அதனால் என் அவமானம் ஒன்றுவிடாமல் எனக்குப் புரிந்தது. காட்டலானில் 'வா வெனீர்' என்றால் 'வந்தார்'. நேற்றே வந்தார், மணி அடித்தார், போய்விட்டார்!

சிரித்து முடித்தாயா? சரி. அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். இன்றைக்கே வந்திருந்தால் 'ஆ பிங்குட்' என்றுதான் எழுதியிருப்பாராம். 'வா வெனீர்' என்றாலே அது இன்றைய சமாச்சாரம் இல்லை. தேதி போடவில்லையே என்று நான் குறை சொல்லப் போனேன், தேதி வினைச்சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பேத்தியின் இலக்கணப் புத்தகம் இப்போது என் தலைமாட்டில். 'போ' என்ற வினையை வைத்து பிரெஞ்சுக்காரன் எதிர்காலம் செய்கிறான், பிரனீஸ் மலைக்கு இந்தப் பக்கம் காட்டலான்காரன் அதையே வைத்து இறந்தகாலம் செய்கிறான். 'நான் போனேன்' என்பதற்கு இங்கே 'பாச் அனா'. பிரித்துப் பார்த்தால் 'போகிறேன் போக'!

எப்படி வந்ததென்றால், நாம் கதை சொல்லும் விதத்தை நினைத்துப் பார். "நேத்து என்ன பண்றான் தெரியுமா? நேரா போறான், போய் ஓங்கி ஒண்ணு விடறான்" என்போம். நடந்தது நேற்று, வினை மட்டும் நிகழ்காலம். இடைக்காலக் காட்டலான்காரர்களும் சண்டைக் கதைகளை 'போய் வெட்டுகிறான், போய்க் குத்துகிறான்' என்ற தினுசில்தான் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அந்தப் 'போய்' நடையை மறந்து, வெறும் இறந்தகால அடையாளமாக உட்கார்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களும் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இதே விளையாட்டை ஆடிப் பார்த்து, அப்புறம் விட்டுவிட்டார்கள். விடாமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு பகல் மிச்சம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? மாஸ்டர் மேஜையில் குடையைத் தட்டத் தட்ட நாம் பிரெஞ்சின் 'போ' வினையை 'ழெ வே, து வா, இல் வா, நூஸாலோன், வூஸாலே, இல் வோன்' என்று பாடிக்கொண்டிருந்தோம். நீ, "சார், 'வே'யில் ஆரம்பித்து 'ஆலோன்' எப்படி வந்தது? எதிர்காலத்தில் 'ழிரே' எங்கிருந்து குதித்தது?" என்றாய். முட்டி போடச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் குடையை வைத்துவிட்டு, "எனக்குத் தெரியாது. உனக்கு என்றைக்காவது தெரிந்தால் எனக்கு வந்து சொல்" என்றார்.

கேட்டுக்கொள். அது ஒரு வினையே இல்லை, மூன்று வினைகள் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. லத்தீனில் போவதற்கு 'ஈரே'. அதன் உருவங்கள் படு குட்டி. 'போ' என்று ஏவ வெறும் 'ஈ'. பேச்சில் தேய்ந்து காதில் விழாமல் போக, மக்கள் கொஞ்சம் சதையுள்ள சொற்களைத் தேடினார்கள். 'முன்னேறிப் போ' என்ற பொருளில் 'வாதெரே' இருந்தது, அது 'வே, வா, வோன்' ஆயிற்று. 'ஆலோன், ஆலே' என்பவை 'நட' என்ற பொருள்கொண்ட 'அம்புலாரே'யிலிருந்து வந்தவை என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை. பழைய 'ஈரே' உன்னுடைய 'ழிரே'க்குள் ஒளிந்து பிழைத்துக்கொண்டது. லத்தீன் பைபிளிலேயே இது தெரிகிறது. ஒருவனைப் போகச் சொன்னால் 'வாதே', பல பேரைச் சொன்னால் பழைய 'இத்தே'. ஆமாம், பூசை முடிவில் சாமியார் சொல்வாரே, 'இத்தே, மிஸ்ஸா எஸ்ட்', அதே இத்தேதான்! நீ என் காதில் 'இட்லி மிச்சமா' என்று கிசுகிசுத்து நாம் இரண்டு பேரும் அடி வாங்கிய இத்தே.

மற்றவர்கள் கதை இன்னும் கூத்து. 'வைஸ்' என்று எழுதினால் பிரெஞ்சில் 'நான் போகிறேன்', போர்த்துகீசில் 'நீ போகிறாய்', ஸ்பானிஷில் 'நீங்கள் போகிறீர்கள்'. ஸ்பானிஷில் 'ஃபுய்' என்றால் 'போனேன்' என்றும் அர்த்தம், 'இருந்தேன்' என்றும் அர்த்தம். ருமேனியாக்காரனோ 'மூழ்கு' என்ற லத்தீன் வினையை எடுத்துப் 'போ' ஆக்கிக்கொண்டான். 'மடி' என்ற ஒரே லத்தீன் வினை ஸ்பானிஷில் 'வந்து சேர்' ஆயிற்று, ருமேனியனில் 'கிளம்பு' ஆயிற்று. பாயை மடித்தால் கப்பல் கரை சேர்ந்தது, கூடாரத்தை மடித்தால் படை புறப்பட்டது என்று விளக்கம் சொல்கிறார்கள். கூடாரக் கதை எனக்குக் கொஞ்சம் ஜோடனையாகப் படுகிறது, ஆனால் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. ஸ்பானிஷில் 'போகிறேன்' என்பதை இங்கே சொல்லிக் கேட்டால் அச்சு அசல் நம்முடைய 'போய்'. தற்செயல்தான். உன் மச்சானிடம் மட்டும் சொல்லிவிடாதே, அடுத்த மாநாட்டில் கட்டுரை வாசித்துவிடுவார்.

இதையெல்லாம் எட்டுப் பக்கம் நோட்டில் எழுதி வைத்தேன். உனக்கு அல்ல, மாஸ்டருக்கு. 'சார், செபா கேட்ட கேள்விக்குப் பதில்' என்று தலைப்புகூடப் போட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய செய்தியில் நான்கே சொல். 'குடை மாஸ்டர் நேத்து போயிட்டார்.' அவர் பிள்ளை லியோனுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானே, கிழவர் கடைசியில் விமானம் ஏறிவிட்டார் என்று நினைத்தேன், செபா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் அந்தக் கட்டைவிரல் படம். 'நல்லது, போய்விட்டு வரட்டும், நானும் லியோனுக்குப் போய்ப் பார்க்கிறேன்' என்று வேறு எழுதினேன். நீ அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மாலை போட்ட படத்தை மகள் காட்டினாள்.

'பாடப் போகிறேன்' என்றால் இனிமேல்தான். 'உடைந்து போச்சு' என்றால் முடிந்துவிட்டது. பிரெஞ்சும் காட்டலானும் பங்கு பிரித்துக்கொண்டதை நம்முடைய 'போ' ஒண்டியாகவே செய்துகொண்டிருக்கிறது. அறுபது வருஷமாக வாயில் போட்டு மெல்லும் சொல், அதை நான் பிரெஞ்சுப் பாடம் மாதிரி படித்திருக்கிறேன். அன்றைக்கு நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் கட்டைவிரலைப் பார்த்தாயோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் போனை எடுக்கவில்லை. கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அவர் பிள்ளைக்கு எழுத நாலு முறை உட்கார்ந்துவிட்டேன், வரவில்லை. விலாசம் அனுப்பு. அந்த நோட்டை அவனுக்கு அனுப்பலாமா, பைத்தியக்காரத்தனமாக இருக்குமா, நீயே சொல். கடைசி நாட்களில் யாராவது கூட இருந்தார்களா? பேச்சு இருந்ததா? அந்தக் குடை எங்கே இருக்கிறது?

பிப்ரவரியில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. கல்லறைக்கு நீயும் வா, தனியாகப் போக எனக்குத் தெம்பில்லை.

உன்,
நெட்டையன்

பி.கு. குழாய் இன்னும் ஒழுகுகிறது. இந்தத் தடவை மகளே போனில் பேசியிருக்கிறாள், வெள்ளிக்கிழமையாம். என்னைச் சீட்டு எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.